ஓட்டியவரே வடிவமைத்தபோது: ஜிம் ஹாலின் கணக்கு

ஃபார்முலா ஒன் புள்ளிப் பட்டியலை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜிம் ஹால் சாதாரண ஓட்டுநர்தான். 1963-இல் பிரிட்டிஷ் கிராண்ட் ப்ரீயில் 6-வது இடம், ஜெர்மன் கிராண்ட் ப்ரீயில் 5-வது இடம், மொத்தம் 3 புள்ளிகள். அதோடு ஐரோப்பாவை விட்டு டெக்சாஸ் திரும்பிவிட்டார். அங்கே அவரும் கூட்டாளி ஹாப் ஷார்ப்பும் கட்டிய ‘சாப்பரல்’ கார்கள் ரேஸ் கார் என்பதன் உருவத்தையே மாற்றின.

ஹாலைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவரைக் கண்டுபிடிப்பாளராகவே கொண்டாடுகிறார்கள். அவர் வேகமான ஓட்டுநர் என்பது அதில் அடிபட்டுப் போகிறது. இது பெரிய பிழை என்பேன். சாப்பரலின் புதுமைகள் ஜெயித்ததும் தோற்றதும், அவற்றை யோசித்தவரே ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தாரா என்பதோடு நெருங்கிய தொடர்புடையவை.

கால்டெக்கில் மெக்கானிக்கல் இன்ஜினியரிங் படித்தவர் ஹால். எண்ணெய்த் தொழில் குடும்பம் என்பதால் பணத்துக்குப் பஞ்சமில்லை. மிட்லண்ட் நகருக்கு வெளியே ‘ராட்டில்ஸ்னேக் ரேஸ்வே’ என்று சொந்த டிராக்கே இருந்தது. பட்டறையில் காலையில் மாற்றியதை மாலைக்குள் ஓட்டி, அளந்து பார்க்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் வெளிப்படையாகப் பந்தயத்தில் இறங்காத காலம் அது. அதன் ஷெவர்லே பிரிவுப் பொறியாளர்கள் சத்தமில்லாமல் மிட்லண்டுக்கு வந்து ஹாலோடு வேலை செய்தார்கள்.

1963-இல் உருவான சாப்பரல் 2 காரின் முதல் பாடம் மூக்கில் கிடைத்தது. வேகம் கூடக் கூட முன்பக்கம் தரையை விட்டு எழுந்தது. ஸ்டியரிங் லேசாகிப் போனது. எஞ்சின் பலத்தைக் கூட்டுவது பற்றியே எல்லோரும் யோசித்த காலத்தில், முன்பக்கம் எவ்வளவு எழுகிறது என்பதை அளந்து, மூக்கின் வடிவத்தை மாற்றினார் ஹால். காற்று காரைத் தூக்குகிறது என்றால், அதே காற்றைக் கொண்டு காரைத் தரையோடு அழுத்தவும் முடியும். பிற்பாடு செய்த எல்லாவற்றுக்கும் அந்த எண்ணம்தான் விதை.

பலன் உடனே தெரிந்தது. 1964-இல் அமெரிக்க சாலைப் பந்தய சாம்பியன் பட்டம் ஹாலுக்கு. 1965-இல் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் கொட்டிய மழையில் டிராக்கே குளமாகிவிட, ஹாலும் ஷார்ப்பும் மாறி மாறி ஓட்டி ஃபோர்டின் ஜிடி40-ஐப் பின்னுக்குத் தள்ளினார்கள்.

இடது காலின் வேலை

சாப்பரலின் உச்சம் 1966-இன் 2இ. ரேடியேட்டர்களை மூக்கிலிருந்து பக்கவாட்டுக்கு நகர்த்திய கார் அது. பின்னால், ஓட்டுநர் தலைக்கு மேலே, இரண்டு தூண்களில் ஓர் இறக்கை நின்றது. யோசனை முற்றிலும் புதிதல்ல. 1956-இலேயே சுவிட்சர்லாந்தின் மைக்கேல் மே, தன் போர்ஷேயின் மேல் இறக்கை பொருத்தி நூர்பர்க்ரிங்குக்குக் கொண்டுபோனார், அதிகாரிகள் அதைப் பந்தயத்தில் ஓட்டவிடவில்லை. ஹால் செய்தது அதை முழுமையான அமைப்பாக்கியது.

முதல் விஷயம், இறக்கையின் தூண்கள் காரின் உடலில் நிற்கவில்லை. பின்சக்கரங்களைத் தாங்கும் பாகத்திலேயே நேரடியாக நின்றன. அதனால் காற்றின் அழுத்தம் ஸ்பிரிங்கை நசுக்காமல் நேராக டயருக்குப் போனது. இரண்டாவது, அந்தக் காரில் கிளட்ச் பெடல் கிடையாது. டார்க் கன்வர்ட்டர் பொருத்திய கியர்பாக்ஸ் என்பதால் இடது காலுக்கு வேலையில்லை. அந்தக் காலுக்கு ஹால் ஒரு வேலை கொடுத்தார்: நேர்ப்பாதையில் ஒரு பெடலை மிதித்தால் இறக்கை படுத்துக்கொள்ளும், காற்றுத் தடை குறையும். வளைவு நெருங்கும்போது அதே கால் அங்கிருந்து பிரேக்குக்கு நகரும். விடுபட்ட இறக்கை சரிந்து நின்று காரை அழுத்தும். பிடிமானம் எப்போது தேவையோ அப்போது அது தானாகவே வந்துவிடும். ஓட்டுநர் மறந்துபோக வழியே இல்லை.

காற்றுச் சுரங்கக் கூடத்தில் உட்கார்ந்து வரைபவருக்கு இறக்கை தோன்றலாம். பிரேக் போடும் நொடியில் கால் எங்கே இருக்கும் என்பது, காலை அங்கே வைத்தவருக்குத்தான் தெரியும். 2011-இல் ஃபார்முலா ஒன்னுக்கு வந்த டிஆர்எஸ் (பின் இறக்கையைத் திறந்து காற்றுத் தடையைக் குறைக்கும் ஏற்பாடு), 2026 விதிகளில் முன் இறக்கையும் பின் இறக்கையும் நிலை மாறும் ஏற்பாடு ஆகிய இரண்டின் அடிப்படைக் கணக்கும் இதுதான். 1966-இல் லகுனா செகாவில் ஃபில் ஹில் முதலிடம், ஹால் இரண்டாமிடம் என்று முடித்தபோது அந்தக் கணக்கு சரியென்று நிரூபணமாகிவிட்டது.

ஸ்டார்டஸ்டுக்குப் பிறகு

1968 நவம்பரில் லாஸ் வேகாஸின் ஸ்டார்டஸ்ட் டிராக்கில், முன்னால் சென்ற லோதர் மோட்ஷென்பாக்கரின் மெக்லாரன் மீது மோதி ஹாலின் கார் பறந்து விழுந்தது. கால்களில் பலத்த காயம். அப்போது அவருக்கு வயது 33. 1970-இல் டிரான்ஸ்-ஆம் பந்தயங்களில் கமாரோ ஓட்டிப் பார்த்தாலும், முன்னணி ஓட்டுநராக அவர் வாழ்க்கை ஸ்டார்டஸ்டிலேயே முடிந்தது.

1969-இன் 2எச், விபத்துக்கு முன்பே கருவான கார். காற்றுத் தடையைக் குறைப்பதே அதன் நோக்கம். ஓட்டுநர் கிட்டத்தட்ட காருக்குள் புதைந்து உட்கார வேண்டும். அதை ஓட்ட வந்த முன்னாள் உலக சாம்பியன் ஜான் சர்டீஸ் அந்த அமைப்பை ஏற்கவில்லை; இருக்கையை உயர்த்த வேண்டியதாயிற்று. வரைந்தவர் நினைத்தது ஒன்று, ஓட்டியவர் கேட்டது வேறு. கார் ஒரு பந்தயத்தில்கூட ஜெயிக்கவில்லை.

அடுத்த ஆண்டு வந்த 2ஜெ, சாப்பரல்களிலேயே துணிச்சலானது. இறக்கையில் ஒரு குறை உண்டு: வேகம் பாதியானால் அழுத்தம் கால்வாசியாகிவிடும். மெதுவான வளைவில் அது அநேகமாக உதவாது. ஹால் காரின் பின்னால் இரண்டு பெரிய விசிறிகளைப் பொருத்தி, அவற்றைச் சுழற்றப் பனிச்சறுக்கு வண்டியின் சிறு எஞ்சினைத் தனியாக வைத்தார். தரையை ஒட்டிய பாவாடை போன்ற தடுப்புகளுக்குள்ளிருந்து காற்றை உறிஞ்சி எடுத்ததால், எந்த வேகத்திலும் கார் தரையோடு ஒட்டிக்கொண்டது. வாட்கின்ஸ் கிளென்னில் ஜாக்கி ஸ்டூவர்ட் அதில் அதிவேகச் சுற்றைப் பதிவு செய்தார். ரிவர்சைடில் விக் எல்ஃபோர்ட், மெக்லாரன் ஓட்டிய டென்னி ஹல்மை 2 விநாடிக்கும் மேல் பின்தள்ளி போல் பொசிஷன் எடுத்தார்.

ஆனால் ஸ்டூவர்ட்டின் பந்தயத்தை பிரேக் கெடுத்தது, ரிவர்சைடில் விசிறி எஞ்சின் உடைந்தது. ஒரு வெற்றிகூட இல்லாமலே அந்த ஆண்டோடு 2ஜெ தடை செய்யப்பட்டது. தடையால்தான் அது தோற்றது என்பது பாதி உண்மை. சாப்பரல்கள் முன்பும் பழுதாகியிருக்கின்றன. 1967-இல் 2எஃப் பல பந்தயங்களில் கியர்பாக்ஸால் நின்று, பிராண்ட்ஸ் ஹாட்ச்சில் மட்டுமே வென்றது. ஆனால் அதுவும் பெரும்பாலும் மற்றவர்கள் ஓட்டிய கார். 1964, 65-இல் ஹாலே ஓட்டி, ஹாலே திருத்திய கார்களுக்கு இருந்த உறுதி பிறகு வரவில்லை.

அணித்தலைவராக அவர் மீண்டு வந்த விதம் இதை உறுதிப்படுத்துகிறது. 1978-இல் லோலா காரில் அல் அன்சர் இண்டி, போகோனோ, ஒன்டாரியோ ஆகிய மூன்று 500 மைல் பந்தயங்களையும் ஒரே ஆண்டில் வென்றார். அடுத்து வந்த சாப்பரல் 2கே விசிறியே இல்லாமல், அடிப்பகுதியின் வடிவத்தாலேயே காரைத் தரையோடு இழுத்தது. 1980-இல் ஜானி ரூதர்ஃபோர்ட் அதில் இண்டி 500-ஐயும் அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தையும் எடுத்தார். அதை வடிவமைத்தவர் இங்கிலாந்தின் ஜான் பர்னார்ட். புகழ் ஹாலுக்கே போனதில் அவருக்கு மனக்கசப்பு, அது நியாயமானதும்கூட. தான் ஓட்டாத காலத்தில் காரை வரையத் தகுந்தவரைக் கண்டுபிடித்து, வேண்டியதைக் கொடுத்து, களத்தில் இறக்கியது ஹாலின் பங்கு. அதுவே பெரிய பங்கு.

இன்றைய அணிகளில் நூற்றுக்கணக்கான பொறியாளர்கள் இருக்கிறார்கள். ஓட்டுநருக்கும் வரைபவருக்கும் நடுவே பல அடுக்குகள். ஹாலைப் போல இரண்டு வேலையும் ஒருவரே பார்ப்பது இனி நடக்காது. ஆனால் வேகமான கார் கையில் இருந்தும் ஓட்டுநரின் புகார் வரைபலகைக்குப் போய்ச் சேராமல் தடுமாறும் அணிகளை ஒவ்வொரு சீசனிலும் பார்க்கிறோம். அந்த அணிகள் படிக்க வேண்டியது 2ஜெ-யின் விசிறிகளை அல்ல, 2இ-யின் இடது பெடலை.