லான்சியா ஏழையில்லை

ஸ்டெஃபானோ மோர்டினியின் ‘ரேஸ் ஃபார் குளோரி’ 1983 உலக ரேலிப் பட்டப் போட்டியை எளியவன் வலியவனை வென்ற கதையாகச் சொல்கிறது. ஆடி குவாட்ரோவுக்கு நான்கு சக்கரத்திலும் இழுவிசை. லான்சியா 037க்குப் பின்சக்கரங்களில் மட்டும். 118க்கு 116 என்று லான்சியா ஜெயித்தது நிஜம். பார்க்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் லான்சியா ஃபியட் வீட்டுப் பிள்ளை, ஏழையில்லை. ஓட்டுநர் பட்டமும் ஆடியின் ஹன்னு மிக்கொலாவுக்குத்தான் போனது.

அப்புறம்? ஜெயித்தவர்களே நான்கு சக்கர இழுவிசைக்கு மாறி, இன்னும் வெறிகொண்ட டெல்டா எஸ்4ஐச் செய்தார்கள். 1986 மே, கோர்சிகாவில் அது எரிந்ததில் டொய்வோனனும் பக்கத்திலிருந்து வழிசொன்ன கிரெஸ்டோவும் செத்துப்போனார்கள். ‘குரூப் பி’ என்ற அந்த வகைக் கார்களுக்கே தடை வந்தது.

1983இல் நிறுத்தினால் வீரக்கதை. மூணு வருஷம் தள்ளிப் போனால் இரண்டு பிணம். கம்பெனிகளின் போட்டியைக் கொண்டாடும் கலைஞன் இரண்டையும் சுமக்கவேண்டாமா?