நேற்றைய பிரட்

ஒரு சமையல் குறிப்பில் எந்தச் சொல்லை எடுத்துவிட்டால் அந்தப் பண்டமே வேறொன்றாகிவிடும்? பிரட் புட்டிங்கைப் பொறுத்தவரை அந்தச் சொல் 'நேற்றைய'. நேற்று வாங்கி மீந்துபோன பிரட். இன்று வாசிக்கக் கிடைக்கும் சாக்லேட் செர்ரி பிரட் புட்டிங் குறிப்புகள் பலவற்றில் இந்தச் சொல் காணாமல் போயிருக்கிறது. சாக்லேட் எத்தனை சதவீதம், செர்ரி எத்தனை கிராம், வெனிலா எத்தனை சொட்டு என்றெல்லாம் துல்லியமாகச் சொல்கிறார்கள். பிரட் என்று வரும்போது மட்டும் 'பிரட் – 8 துண்டுகள்', அவ்வளவுதான். அதற்கு வயசு இருக்கிறதா, எங்கிருந்து வந்தது, ஏன் மீந்தது என்று யாரும் கேட்பதில்லை. கதாநாயகனைத் துணை நடிகர் ஆக்கிவிட்டு அவனுடைய சட்டையைப் பற்றி ஒரு பக்கம் எழுதுவது மாதிரி இது.

இந்தக் குறிப்புகளைச் சமைக்கிறவனாகவும் வாசகனாகவும் சேர்ந்தே அணுகுகிறேன். நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. நாவலுக்கும் கவிதைக்கும் விமர்சனம், சமையல் குறிப்புக்கு 'நல்லா வந்துச்சு' அல்லது 'வரல'. ஆனால் சமையல் குறிப்பும் ஒரு பிரதிதான். அதற்குச் சொல்லி இருக்கிறார், கேட்பவர் இருக்கிறார், இருவருக்கும் நடுவே அதிகாரம் இருக்கிறது. சொன்னது இருக்கிறது, சொல்லாமல் விட்டதும் இருக்கிறது.

பெயரிலிருந்து தொடங்கலாம். பிரெஞ்சில் பழைய ரொட்டியைப் பாலிலும் முட்டையிலும் தோய்த்துச் சுட்டால் அதற்குப் பெயர் 'பான் பெர்டூ', அதாவது தொலைந்துபோன ரொட்டி. ஜெர்மனியில் அதே வகைப் பண்டம் 'ஆர்மெ ரிட்டர்', ஏழை வீரர்கள். ஆஸ்திரியாவிலும் பவேரியாவிலும் பழைய பன்னை அடுக்கி ஆப்பிளோடு சுடுவது 'ஷைட்டர்ஹாஃபன்', விறகு அடுக்கிய சிதை. தென் ஜெர்மனியில் காய்ந்த பன், பால், முட்டை, செர்ரி சேர்த்துச் சுடும் வீட்டுப் பண்டத்துக்கு 'கிர்ஷன்மிஹெல்' என்று பெயர். 'கிர்ஷன்' என்றால் செர்ரிகள்; மிஹெல் சாதாரண ஆள் பெயர். நாம் 'செர்ரி முருகேசன்' என்று வைத்தால் எப்படி இருக்கும், அப்படி. சாக்லேட் செர்ரி பிரட் புட்டிங்குக்கு ஒரு பாட்டி உண்டென்றால் அது இந்த மிஹெல்தான். இந்தப் பெயர்களில் இழப்பும் வறுமையும் கொஞ்சம் கிண்டலும் இருக்கின்றன. இதற்கு நேர் எதிராக, வட இந்தியாவில் அதே பிரட்டைப் பொரித்துப் பாகிலும் சுண்டக் காய்ச்சிய பாலிலும் ஊறவைத்து 'ஷாஹி துக்டா' என்றார்கள். ராஜத் துண்டு! வறுமையை ஒப்புக்கொள்வது ஒரு வழி, அதற்கு மகுடம் சூட்டுவது இன்னொரு வழி. இரண்டிலும் ஒரு பார்வை இருக்கிறது. 'சாக்லேட் செர்ரி பிரட் புட்டிங்' என்ற பெயரில் என்ன இருக்கிறது? மளிகைப் பட்டியல்.

தமிழுக்கு இந்த விஷயத்தில் கூச்சம் கிடையாது. 'பழையது' என்றாலே நமக்கு அது சாப்பாடு. வயசையே பெயராக வைத்த மொழி இது. மீந்த இட்லியை உதிர்த்தால் இட்லி உப்புமா, அதில் ஒளிவுமறைவே இல்லை. அதனால் தமிழில் எழுதப்படும் பிரட் புட்டிங் குறிப்பும் ஃபிரெஷ் பிரட்டோடு தொடங்கும்போது எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. கையில் இருந்த சொல்லைக் கீழே போட்டுவிட்டு வந்திருக்கிறோம்.

'சரி, சென்டிமென்ட் வேண்டாம், ருசிக்கு இதனால் என்ன?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பிரட் பழசாவது வெறுமனே காய்ந்துபோவது இல்லை. 1852-இல் பிரெஞ்சு வேதியியலாளர் பூஸங்கோ, ஈரம் வெளியேறாமல் மூடி வைத்த ரொட்டியும் பழசாகும் என்று காட்டினார். பிரட் வேகும்போது மாவுச்சத்து நீரைக் குடித்து உப்பி இளகுகிறது. ஆறிய பிறகு அதன் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல மறுபடி ஒழுங்காக அடுக்கிக்கொள்கின்றன. அந்த இறுக்கத்தைத்தான் நாம் பழசு என்கிறோம். ஃப்ரிட்ஜில் வைத்தால் இது இன்னும் வேகமாக நடக்கும். இப்படி இறுகிய பிரட், பாலையும் முட்டையையும் குடித்தாலும் உருவம் குலையாமல் நிற்கும். புது பிரட் உடனே தொளதொளத்துக் கூழாகிவிடும். அதன் நடுப்பகுதி எத்தனை நேரம் வேகவைத்தாலும் பசை மாதிரியே இருக்கும். ஆக, 'நேற்றைய' என்பது அலங்காரச் சொல் அல்ல, கட்டுமானத்தின் தூண். குறிப்பு எழுதியவர் அதை விட்டுவிட்டு, 'எனக்கு மட்டும் ஏன் கூழா வந்துச்சு' என்று செய்து பார்த்தவரைத் தன்னையே சந்தேகப்பட வைக்கிறார். இதுதான் என் முதல் புகார்.

இரண்டாவது புகார் இலக்கணம் பற்றியது. ஹன்னா கிளாஸ் 1747-இல் லண்டனில் வெளியிட்ட சமையல் புத்தகத்தில் பிரட் புட்டிங் வகைகள் இருக்கின்றன. அவர் பெயர் போடாமல் 'ஒரு சீமாட்டி' என்று வந்த புத்தகம் அது. வேலைக்காரப் பெண்களுக்குக் கற்றுக்கொடுக்கவே எழுதுவதாக முன்னுரையில் சொல்கிறார். எடு, அடி, ஊற்று, சுடு. அந்த ஏவல் வினைகள் எஜமானி வேலைக்காரியிடம் பேசும் மொழி. இன்று அதே வினைகளை வாசிக்கும்போது எஜமானியும் வேலைக்காரியும் ஒரே ஆள், பெரும்பாலும் ஒரே பெண். தமிழில் இந்த உறவு எப்படி மாறியது என்று பார்ப்பது சுவாரசியம். அச்சுக் குறிப்புகளில் 'சேர்க்கவும், கிளறவும், இறக்கவும்'. யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார் என்றே தெரியாத மரியாதையான கட்டளை, ரயில்வே அறிவிப்புப் பலகை மாதிரி. 1951-இல் வந்த மீனாட்சி அம்மாளின் புத்தகத்துக்கு 'சமைத்துப் பார்' என்று பெயர். அந்தப் 'பார்' கட்டளையின் முனையை மழுக்கிவிடுகிறது. முயன்று பார், தப்பானால் பரவாயில்லை என்ற தொனி அதில் உண்டு. இப்போது வீடியோக்களில் 'இப்ப நாம இதுல பால் சேர்த்துக்கலாம்'. அந்தக் 'கலாம்' எனக்குப் பிடிக்கும். பக்கத்தில் நின்று பேசும் மொழி அது. ஆனால் அதில் ஒரு சின்ன ஏமாற்றும் இருக்கிறது. 'நாம' என்று சொன்னவர் பாத்திரம் கழுவ வரமாட்டார்.

டீலியா ஸ்மித் 1995-இல் தன் குளிர்காலத் தொகுப்பில் எழுதிய சாக்லேட் பிரட் அண்ட் பட்டர் புட்டிங்கை இந்த வகையில் நல்ல எழுத்து என்பேன். அதில் செர்ரி கிடையாது, ரம் உண்டு. ஒரு நாள் பழைய வெள்ளை பிரட் என்று தெளிவாகச் சொல்கிறார். சாக்லேட் கலவையை ஊற்றிய பிறகு குறைந்தது 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் அப்படியே விட்டுவிடச் சொல்கிறார். முழுக் குறிப்பின் உயிர் இந்த வரியில்தான் இருக்கிறது. மற்ற வரிகள் எல்லாம் எதையாவது செய்யச் சொல்கின்றன, இது ஒன்றும் செய்யாதே என்கிறது. 10 நிமிஷ ரெசிபி, 5 நிமிஷ ரெசிபி என்று ஓடிக்கொண்டிருக்கும்போது இரண்டு நாள் காத்திரு என்று எழுத ஒரு தைரியம் வேண்டும். ஊறிய பிரட்டின் துளைகளுக்குள் சாக்லேட் முழுதாகப் போய்ச் சேர அந்த நேரம் உண்மையிலேயே தேவை.

இனி செர்ரி. இங்கே குறிப்பு எழுதுபவர்கள் எல்லோரும் மொழிபெயர்ப்பாளர்கள், தாங்கள் மொழிபெயர்ப்பாளர்கள் என்று தெரியாமலே. நம் ஊர் பேக்கரியில் பன் மேலும் கேக் மேலும் உட்கார்ந்திருக்கும் சிவப்பு 'செர்ரி' பெரும்பாலும் களாக்காய். ஊறுகாய் போடுகிறோமே, அதே களாக்காயின் புளிப்பைப் போக்கி, சாயம் ஏற்றி, பாகில் ஊறவைத்தது. டூட்டி ஃப்ரூட்டி பப்பாளிக்காய் என்பது போல இதுவும் ஒரு வேஷம். வேஷத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. காஷ்மீரிலும் இமாச்சலிலும் கோடையில் சில வாரங்கள் விளைகிற, விலை கூடிய, சீக்கிரம் கெடுகிற பழத்துக்குக் களாக்காய் பதிலி ஆனது புத்திசாலித்தனம்தான். பிரச்சினை, இந்தப் புட்டிங்கில் அந்தப் பதிலி வேலை செய்யாது என்பதே. சாக்லேட்டோடு செர்ரி ஏன் சேர்ந்தது? சாக்லேட்டின் கசப்பும் கொழுப்பும் வாயை அடைக்கும்போது செர்ரியின் புளிப்பு வழி திறந்துவிடுகிறது. பேக்கரிச் செர்ரியிடம் புளிப்பு இல்லை, சிவப்பு மட்டும்தான் இருக்கிறது. சொல்லை மொழிபெயர்த்தார்கள், வேலையை மொழிபெயர்க்கவில்லை.

அதனால் நான் என் வீட்டில் கொடைக்கானல் ப்ளம்ஸ் போடுகிறேன். சீசன் இல்லாதபோது, வேஷம் போடாத பச்சைக் களாக்காயையே கொஞ்சம் சர்க்கரையில் வேகவைத்துச் சேர்க்கிறேன். செர்ரி கிடைத்தால் செர்ரி. அது அசலா என்று யாராவது கேட்டால், புளிக்கிறதா என்று திருப்பிக் கேட்பேன்.

விமர்சனம் எழுதுகிறவன் ஒரு முறையாவது தானும் குறிப்பு எழுதிக் காட்டவேண்டும் என்பதால், இதோ. இரண்டு நாள் ஆன பிரட் 250 கிராம். பேக்கரி பால் பிரட் இனிப்பாக இருக்கும், அப்படியானால் சர்க்கரையைக் குறைத்துக்கலாம். பூஞ்சை ஒரு புள்ளி தெரிந்தாலும் அந்த பாக்கெட் வேண்டாம். பழசு வேறு, கெட்டது வேறு. அரை லிட்டர் பாலைச் சூடாக்கி, கொதி வருமுன் இறக்கி, 150 கிராம் டார்க் சாக்லேட்டை உடைத்துப் போட்டுக் கரைக்கலாம். காம்பவுண்டு என்று போட்ட கட்டியில் கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு இருக்கும், வாயில் மெழுகு மாதிரி ஒட்டும். பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளுக்குள்ளேயே கோகோ விளைகிற ஊரில், நல்ல சாக்லேட்டுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தால் தப்பில்லை. பால் கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் 3 முட்டை, 75 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு சேர்த்து அடிச்சுக்கலாம். அவசரப்பட்டுச் சூட்டோடு ஊற்றினால் முட்டைப் பொரியல்தான் கிடைக்கும். வெண்ணெய் தடவிய பாத்திரத்தில் பிரட், 200 கிராம் புளிப்புப் பழம், மேலே இந்தக் கலவை. மூடி, ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில்.

ஓவன் இருந்தால், பாத்திரத்தைச் சுடுநீர் ஊற்றிய பெரிய தட்டில் வைத்து 160 டிகிரியில் முக்கால் மணி நேரம். இல்லையென்றால் இட்லிப் பானை. மேலே ஒரு தட்டைப் போட்டு மூடி, சிறு தீயில் அதே நேரம் ஆவியில் வைக்கலாம். நடுவில் கத்தியை விட்டால் ஈரக் கலவை ஒட்டாமல் வரவேண்டும். ஓவன் இல்லாதவர்களுக்கான சமாளிப்பு என்று இதை அடிக்குறிப்பில் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. இங்கிலாந்தின் பழைய புட்டிங்குகளில் பல துணியில் கட்டிக் கொதிநீரில் வேகவைக்கப்பட்டவை. ஹன்னா கிளாஸின் சமையலறைக்கு நம் இட்லிப் பானை அப்படியொன்றும் அந்நியம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, என் வாதத்துக்கு எதிரான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 'நேற்றைய பிரட்' என்பதை வறுமையின் அழகாக்கி விடுவது சுலபம். எம்.எஃப்.கே. ஃபிஷர் 1942-இல், போர்க்காலத்தில், வாசலில் நிற்கும் பசியை ஓநாயாக உருவகித்து ஒரு சமையல் புத்தகமே எழுதினார். பசியைச் சமாளிப்பதைப் பற்றிச் சிரித்துக்கொண்டே எழுதிய புத்தகம், ஆனால் பசியை அழகு என்று சொல்லாத புத்தகம். அந்த எச்சரிக்கை நமக்கும் வேண்டும். நாளைக்கு மீதி இருக்கும் பிரட் என்பதே ஒரு வசதி. உண்மையிலேயே இல்லாத வீட்டில் பிரட் நாளை வரை தாக்குப்பிடிக்காது. அப்படியே பிழைத்தாலும் 3 முட்டையும் அரை லிட்டர் பாலும் அதற்காக ஒதுங்காது. நம் வீடுகளில் ரொம்ப நாள் பிரட் என்றாலே காய்ச்சல் வந்தவர்களுக்கு வாங்குவதுதான். பாலில் தோய்த்துக் கொடுப்பார்கள். காய்ச்சல் இறங்கியதும் மீதி பாக்கெட்டை யார் சாப்பிடுவது என்பது அந்த வீட்டின் நிலைமையைச் சொல்லிவிடும். பிரட் புட்டிங் ஏழைகளின் பண்டம் என்பதைவிட, கொஞ்சம் இருந்தவர்கள் வீணாக்கக் கூசியதால் வந்த பண்டம் என்பதே சரி.

அந்தக் கூச்சம்தான் இன்றைய குறிப்புகளில் இல்லாமல் போயிருக்கிறது. புது பிரட் வாங்கி, அதைத் துண்டுபோட்டு, ஓவனில் காயவைத்து, செயற்கையாகப் பழசாக்கி, பிறகு புட்டிங் செய்யச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. தொழில்நுட்ப ரீதியாக ஓரளவு சரியாகவே வரும், நன்றாகவும் இருக்கும். ஆனால் அது கிழித்து விற்கும் ஜீன்ஸ் மாதிரி. உழைத்துக் கிழிந்ததற்கும் கடையில் கிழித்ததற்கும் தூரத்திலிருந்து வித்தியாசம் தெரியாது, போட்டிருப்பவருக்குத் தெரியும்.

நான் கேட்பது பெரிசாக ஒன்றும் இல்லை. சாக்லேட்டைப் பற்றி ஒரு பத்தி எழுதுங்கள், செர்ரியைப் படம் எடுங்கள், சந்தோஷம். ஆனால் பொருள் பட்டியலில் பிரட்டுக்கு முன்னால் அந்த ஒரு சொல்லைத் திரும்பப் போடுங்கள். அதைப் பார்த்ததும் வாசிக்கிறவர் கடைக்குப் போகுமுன் ஒரு நிமிஷம் தன் சமையலறை அலமாரியைத் திறந்து பார்ப்பார். அங்கே நுனித் துண்டு இரண்டும் நடுத்துண்டு நாலுமாக ஒரு பாக்கெட் கிடக்கலாம். குறிப்பு அங்கிருந்து தொடங்கட்டும்.