நாலு அங்குல அகலத்தில் கானா

அக்ராவில் இறங்கிய கையோடு கோட்டை, காடு, யானை, அருவி, சந்தை என்று ஒரே வாரத்தில் ஓடி முடிப்பவர்கள் உண்டு. அவர்கள் போனில் படம் நிறைய இருக்கும். எந்த ஊரில் எதைப் பார்த்தோம் என்பது மட்டும் நினைவிருக்காது. கானாவை ரசிக்க வேண்டுமானால், முதலில் குமாசிக்குப் பக்கத்தில் உள்ள போன்விரே கிராமத்துக்குப் போய், ஒரு தறியருகில் அரை நாள் சும்மா உட்காருங்கள். கண் பழகட்டும்.

அங்கே நெய்வது கென்டே. தறி மிகச் சிறியது. நெய்கிறவர் உட்கார்ந்தால் இடம் முடிந்தது. ஆனால் பாவு மட்டும் அவருக்கு எதிரே பல கஜம் நீண்டு கிடக்கும். அதன் நுனியைக் கல் ஏற்றிய ஒரு பலகை இழுத்துப் பிடித்திருக்கும். நெய்ய நெய்ய அந்தப் பலகை தரையை உரசியபடி அவரை நோக்கி நகர்ந்து வரும். விழுதை இயக்கும் கயிறு கால்விரல் இடுக்கில் இருக்கும். நாடா ஒரு கையிலிருந்து மறு கைக்குப் பாயும். இவ்வளவு பாடுபட்டும் வெளியே வருவது சுமார் நாலு அங்குல அகலப் பட்டைதான். ஆண்கள் போர்த்தும் துணி ஒன்றுக்கு இருபதுக்கும் மேற்பட்ட பட்டைகளை ஒட்டித் தைக்க வேண்டும்.

பட்டை சேரும் தையலில் கண்ணை வையுங்கள். ஒரு பட்டையில் பூவேலைக் கட்டம் விழும் இடத்தில், பக்கத்துப் பட்டையில் வெறும் கோடு வரும். அந்தக் கணக்கு தப்பாததால்தான் தூரத்திலிருந்து பார்க்கும்போது துணியே அசைவதுபோல் இருக்கிறது. அடுத்து, வடிவத்தின் பெயரைக் கேளுங்கள். பெயரில்லாத கென்டே கிடையாது. சுதந்திர கானாவின் முதல் தலைவர் குவாமே நிக்ரூமா, எகிப்தியப் பெண்ணான பாத்தியாவை மணந்தார். ஒரு வடிவத்துக்கு 'பாத்தியா நிக்ரூமாவுக்குப் பொருத்தம்' என்று பெயர் வந்தது. 1966இல் ராணுவம் அவரைக் கவிழ்த்த பிறகு அதே வடிவம் 'ஒற்றை ஆள் நாட்டை ஆள்வதில்லை' என்று ஆகிவிட்டது. ஒரு நூலைக்கூட மாற்றவில்லை! வாங்குவதாக இருந்தால் துணியைத் திருப்பிப் பாருங்கள். பின்பக்கம் வெளிறியிருந்தால் பெரும்பாலும் அச்சுத்துணிதான்.

குமாசியிலிருந்து கொஞ்ச தூரத்தில் போசும்ட்வி ஏரி. சுமார் பத்து லட்சம் ஆண்டுகளுக்கு முன் விண்கல் விழுந்து உண்டான பள்ளம். தண்ணீர்ப் பரப்பின் குறுக்களவே 8 கிலோமீட்டர். சுற்றியிருக்கும் மலைகளைப் படமெடுத்துவிட்டுத் திரும்பாதீர்கள். விடியற்காலையில் கரையில் நின்றால், ஒற்றைப் பலகையில் உட்கார்ந்து கையாலேயே துடுப்புப் போட்டு வலை பார்க்கப் போகிறவர்களைக் காணலாம். இரும்பு இந்தத் தண்ணீரைத் தொடக் கூடாது என்பது பழைய விலக்கு. அந்தப் பலகைக்குப் பெயர் படுவா. (திட்டு இல்லை, பெயரே அதுதான்.)

யானை பார்க்க வடக்கே மோலே தேசியப் பூங்காவுக்குப் போக வேண்டும். வறண்ட மாதங்களில் அவையே நீர்நிலைக்கு வந்துவிடும். தெற்கே காகும் காட்டில் 1995 முதல் மரத்துக்கு மரம் கட்டிய ஏழு தொங்கு பாலங்கள் இருக்கின்றன. உயரம் சில இடங்களில் 40 மீட்டர் வரை. கால் வைக்க ஒரு பலகை அகலம்தான். மிருகம் தெரியும் என்று போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். காலையில் முதல் ஆளாகப் போய், பாலங்களுக்கு நடுவே மரத்தைச் சுற்றியுள்ள மேடையில் நின்று, காட்டை மேலிருந்து கீழாகப் பாருங்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்த மரங்களின் உச்சி உங்கள் காலுக்குக் கீழே இருக்கும்.

கடற்கரைக் கோட்டைகளைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எல்மினா கோட்டையைப் போர்ச்சுக்கீசியர் 1482இல் கட்டினார்கள், தங்கத்துக்காக. 1637இல் டச்சுக்காரர் பிடித்தார்கள். காலப்போக்கில் மனிதர்களே சரக்காகிவிட்டார்கள். பெண்களை அடைத்த முற்றத்தை ஆளுநரின் மாடம் மேலிருந்து பார்க்கிறது. வழிகாட்டி சொல்வதைக் கேட்டுக்கொண்டே நீங்களும் அந்த முற்றத்தில் நின்று மாடத்தை அண்ணாந்து பாருங்கள். மாடத்துக்கு ஏறுவது அப்புறம். பக்கத்து ஊரான கேப் கோஸ்ட்டில், ஆண்களின் நிலவறைக்கு நேர் மேலே தேவாலயம் இருந்தது. நிலவறையில் வெளிச்சத்துக்கு உயரத்தில் ஒரு சின்னத் துவாரம். தரையில் கழிவு ஓட ஒரு குறுகிய கால்வாய். அந்தக் கால்வாயைப் பார்க்காமல் வந்தால் கோட்டையைப் பார்த்ததாகவே நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இங்கே செல்ஃபி வேண்டாமே.

எல்மினாவுக்குச் செவ்வாய்க்கிழமை போவது நல்லது. அன்று கடலுக்கு ஓய்வு. மீன்பிடிக்கப் போக மாட்டார்கள். கோட்டையை விட்டு வெளியே வந்தால் வண்ணம் பூசிய படகுகள் எல்லாம் கரையில் நிற்கும். அவற்றின் நிழலில், கிழிந்த வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கண்ணாகப் பின்னிக்கொண்டிருப்பார்கள். போன்விரே தறியில் பார்த்த அதே கால்விரல் பிடி. கொஞ்ச நேரம் உட்காருங்கள்.