மறுதொடக்கப் படத்தில் ஜீவனைத் தேடுவது எப்படி?

திரையில் ஏற்கெனவே சொல்லப்பட்ட ஒரு நாயகனின் கதையை, முந்தைய படங்களின் தொடர்ச்சியைக் கைவிட்டு, புதிய நடிகர்களைக் கொண்டு முதலிலிருந்து சொல்வதே ‘ரீபூட்’ எனப்படும் மறுதொடக்கமாகும். சாம் ரெய்மியின் மூன்றாவது ஸ்பைடர்மேன் படம் 2007இல் வெளிவந்த ஐந்தே ஆண்டுகளில், மார்க் வெப் இயக்கத்தில் ஆண்ட்ரூ கார்ஃபீல்டு நடித்த ‘தி அமேசிங் ஸ்பைடர்மேன்’ வந்தபோது, படத்தில் ஜீவன் இல்லை என்று ரசிகர்களில் ஒரு சாரார் குறை கூறினர். இக்குறை நியாயமானதா என்று எடைபோட விரும்புபவர், உருக்கமான காட்சிகளைத் தேடுவதை விட்டு, நாயகன் செய்த ஒரு செயலின் விளைவு அவனைக் கதை முழுவதும் பின்தொடர்கிறதா என்று கவனிப்பது நல்லது.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படைத்த மூலக்கதையில், பின்னாளில் ஸ்பைடர்மேனாக அறியப்படும் பீட்டர் பார்க்கர் தடுக்காமல் விட்ட திருடனே அவனை வளர்த்த பெரியவரான பென்னைக் கொல்கிறான். ரெய்மியின் 2002ஆம் ஆண்டுப் படத்தில், மல்யுத்தப் போட்டியில் தன்னைப் பணத்தில் ஏமாற்றியவன்மீது கொண்ட கோபத்தால் பீட்டர் திருடனைத் தப்பவிடுகிறான். வெப்பின் படத்திலோ, இரண்டு சென்ட் குறைந்ததற்காகப் பால் தர மறுத்த கடைக்காரர்மீது கொண்ட எரிச்சலே அதற்குக் காரணமாகிறது. முடிவு முன்பே தெரிந்த கதையில், காரணம் அற்பமாக ஆக ஆகக் குற்றவுணர்வு கூர்மையடைகிறது என்பதை உணர்ந்து பார்ப்பதே இங்குள்ள ரசனை.

அடுத்துக் காண வேண்டியது பாலத்துக் காட்சி. தீப்பற்றித் தொங்கும் காருக்குள் அஞ்சி ஒடுங்கியிருக்கும் சிறுவனுக்கு நாயகன் தன் முகமூடியைக் கழற்றி முகத்தைக் காட்டி, அம்முகமூடியையே அவனை அணியச் செய்து, மேலே ஏறி வரத் துணிவூட்டுகிறான். அச்சிறுவனின் தந்தை பின்னர் நகரத்துக் கிரேன்களை வரிசையாகத் திருப்பி, காயமுற்ற நாயகனுக்கு வழி அமைத்துக் கொடுக்கிறார். ஓர் உதவி மற்றோர் உதவியாகத் திரும்பும் இந்தப் பின்னலை ஜீவனற்றது என்று ஒதுக்க இயலாது.

ஆயினும், பென்னைக் கொன்றவனைத் தேடிப் புறப்படும் பீட்டர், பல்லி மனிதனாகிய வில்லன் தோன்றியபின் அத்தேடலைக் கைவிடுகிறான். கொலைகாரன் அகப்படாமலே படம் முடிகிறது. தன் மகள் குவெனை விட்டு விலகியிருக்குமாறு போலீஸ் கேப்டன் ஸ்டேசி இறக்கும் தறுவாயில் பெற்ற வாக்குறுதியும், அதை மீறப்போவதாகப் பீட்டர் இறுதியில் உணர்த்துவதால், வலுவிழக்கிறது. எனவே, ஜீவன் இல்லை என்ற குறை இப்படத்தின் காட்சிகளுக்குப் பொருந்தாது. தொடங்கிய துயரத்தை முடிவுவரை சுமக்கத் தவறிய திரைக்கதைக்கே அது பொருந்தும்.