பாலமன்று, அணை

வெப்பம் மிகுவதாலும், கடல் மட்டம் உயர்வதாலும் கரையோர நீர்நிலைகள் கெடுகின்றன என்பது இன்று பலரும் கூறும் முடிபு. அது பிழையன்று, ஆயினும் நிறைவுடையதன்று. அதன் குறையை உணர்த்தப் பெர்மாஸ் ஜெயாவை ஒட்டிக் கிடக்கும் ஜொகூர் நீரிணையே போதிய சான்றாகும்.

இயற்கையில் அது இருபுறமும் திறந்திருந்த நீர்வழி. 1924ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் திறந்து வைக்கப்பெற்ற கடற்பாலம் அதனை இரண்டாகப் பிரித்தது. பாலம் என்பது வழக்கே. உண்மையில் அது ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த கல்லணை. படகுகள் செல்ல ஜொகூர்ப் பக்கத்தில் அமைந்திருந்த வழியும் 1942ஆம் ஆண்டுப் போரில் தகர்ந்தபின் மீண்டும் அமைக்கப்படவில்லை.

இதன் விளைவு யாது? ஓதம் இன்றும் ஏறி இறங்குகிறது. ஆனால் கிழக்கே புகும் நீர் அணைவரை வந்து, வந்த வழியே திரும்புகிறது. ஆகவே பெயரால் நீரிணையாயினும் இயல்பால் அவை இரு கழிகளே. தெப்ராவ் ஆறு கொணரும் கழிவும் சத்துப் பொருள்களும் உட்பகுதியில் நெடிது தங்குகின்றன. அவற்றை உண்டு நுண்பாசி பெருகுகிறது. அது மடிந்து அழுகுங்கால் நீரிலுள்ள உயிர்வளி குன்றுகிறது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பகுதியின் மீன் பண்ணைகளில் மீன்கள் பெருமளவில் மடிந்தன. சிங்கப்பூர்க் கரையிலும் கிராஞ்சிக் கழிமுகம் 1975இலும், பொங்கோல், சிராங்கூன் கழிமுகங்கள் 2011இலும் நன்னீர்த் தேக்கங்களாயின.

வானிலை மாற்றத்தின் பங்கு என்ன? வெப்பமுற்ற நீர் உயிர்வளியைக் குறைவாகவே ஏற்கும். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் சராசரி 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. உயர் ஓதமும் பெருமழையும் ஒருங்கே வரின் தாழ்நிலக் கால்வாய்கள் எளிதில் வடியா. எனினும் இவை பழைய நோயை முற்றச் செய்வன. நோயின் முதல் அன்று. பழி முழுவதையும் வானத்தின்மேல் ஏற்றுவார், மனிதன் செய்ததை மனிதனே திருத்தலாம் என்பதை மறக்கின்றனர்.

ஒடிசாவின் சிலிகா ஏரி இதற்குச் சான்று. கடல்வாய் தூர்ந்து உவர்ப்புக் குன்றி நலிந்த அதற்கு 2000ஆம் ஆண்டில் புதிய வாய் வெட்டப்பட்டது, மீன்வளம் மீண்டது.

ஜொகூரில் அணைக்கு மாற்றாகப் பாலம் கட்டும் திட்டம் 2006ஆம் ஆண்டில் கைவிடப்பட்டது. அதனை மீண்டும் எழுப்புவோர் ஒன்றை எண்ணுதல் வேண்டும்: ஆறுகள் தூய்மையுறாமல் அணையை மட்டும் திறப்பின், ஒரு பக்கத்து அழுக்கு மறுபக்கமும் செல்லும். முதற்பணி ஆற்றில், அடுத்த பணி அணையில். இந்நீரையே நம்பி வாழும் ஒராங் சிலேத்தார் மக்களுக்கு, இவ்வரிசை வெறும் வாதமன்று, அன்றாட உணவு.