மார்க்குப் போடுகிற விஷயம்

படித்த புத்தகங்களுக்கு மார்க்குப் போடுவது வாத்தியார் வேலை என்று இலக்கிய நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போகிறவன் எதையும் சரியாகப் படித்தவன் ஆகமாட்டான். இந்தக் கோடையில் இரண்டு நாவல்களும் இரண்டு நாடகங்களும் படித்தேன். நான்கும் பெயர் பெற்றவை. பத்துக்கு இத்தனை என்று போட்டுப் பார்த்ததில், வரிசை பெயரின்படி அமையவில்லை.

என் அளவுகோல் ஒன்றுதான்: தப்புச் செய்கிற பாத்திரத்துக்கு ஆசிரியர் எவ்வளவு நியாயம் வழங்குகிறார்? நல்லவனுக்குப் பரிந்து பேச யாராலும் முடியும்.

தகழியின் ‘செம்மீன்’ 1956இல் வெளிவந்து, மறுவருஷமே சாகித்திய அகாடமி பரிசு பெற்றது. பரீக்குட்டியின் பணத்தில் தோணியும் வலையும் வாங்கிவிட்டுக் கடனைத் திருப்பாத செம்பன்குஞ்சு அதில் அருமையான சிருஷ்டி. ஆனால், கரையில் மனைவி நெறி தவறினால் கடலில் கணவன் அழிவான் என்ற நம்பிக்கையைக் கடைசியில் கடலே மெய்ப்பித்துவிடுகிறது. கறுத்தம்மாவின் வழக்கை விசாரிக்க வேண்டிய ஆசிரியர், தீர்ப்பைக் கடலம்மையிடம் விட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார். ஆறு மார்க்கு.

அதே தகழி 1947இல் எழுதியது ‘தோட்டியின் மகன்’. இரண்டையுமே சுந்தர ராமசாமி தமிழாக்கியிருக்கிறார். ஆலப்புழைத் தோட்டியான சுடலைமுத்து, தன் மகன் மலவாளியைத் தொடக்கூடாது என்று வைராக்கியம் கொள்கிறான். அதற்காகக் காசு சேர்க்கிறான்; மேலே உள்ளவர்களோடு சேர்ந்து சொந்த ஜனங்களின் சங்கத்தையே கெடுக்கிறான். துரோகம்தான். அதன் வேர் பிள்ளைப் பாசம். இரண்டையும் பிரிக்காமல் காட்டியது பெரிய சாதனை. மகன் காலத்துக்கு வரும்போது கதை அவசரப்படுகிறது, பிரசாரம் தலைகாட்டுகிறது. எட்டு.

இப்ஸனின் ‘பொம்மை வீடு’ (1879) கட்டுக்கோப்பில் நிகரற்ற நாடகம். கடனுக்காகத் தகப்பனாரின் கையெழுத்தைத் தானே போட்ட நோராவுக்கு ஆசிரியர் முழு நியாயம் வழங்குகிறார். அவளை மிரட்டுகிற க்ரோக்ஸ்டாடுக்குக்கூட மனம் மாற இடம் கொடுக்கிறார். கணவன் ஹெல்மருக்கு மட்டும் கிடைப்பதில்லை. கடிதத்தைப் படித்ததும் சீறுகிறான். ஆபத்து விலகியதும் மன்னிக்கிறான். அந்த வீட்டில் உண்மையான பொம்மை அவன்தான். ஏழு.

செகாவின் ‘செர்ரித் தோட்டம்’ 1904இல் மேடையேறியது. செகாவ் அதை இன்பியல் என்றார். மேடையேற்றிய ஸ்டானிஸ்லாவ்ஸ்கி துன்பியல் என்றார். இருவருக்குமே இடம் தருகிறது நாடகம். பண்ணையடிமையின் பேரனான லோபாஹின், பாட்டன் அடிமைப்பட்டுக் கிடந்த பண்ணையையே ஏலத்தில் எடுத்து மரங்களை வெட்டுகிறான். அவன் வில்லன் இல்லை. தோட்டத்தைப் பிரித்துக் குத்தகைக்கு விட்டால் சொத்து தப்பும் என்று முன்பே கெஞ்சியவன் அவன்தான். கேளாதிருந்த எஜமானியம்மாளையும் நம்மால் வெறுக்க முடியவில்லை. கோடரிச் சத்தம் கேட்கும்போது யார்மீது கோபப்படுவது என்று தெரியாமல் நிற்கிறோம். ஒன்பது.

இந்த மார்க்குகளை யாரும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. தங்கள் அளவுகோல் எது என்று சொல்லிவிட்டு வேறு மார்க்குப் போடட்டும். நம்மிடையே விமரிசனம் வளர அது போதும்.