வட்டுக்கோட்டைத் தீர்மானத்தின் கடைசி வாக்கியம்

1976 மே 14இல் பண்ணாகத்தில் நிறைவேற்றப்பட்ட வட்டுக்கோட்டைத் தீர்மானத்தை நாம் பெரும்பாலும் தனிநாட்டுக் கோரிக்கைக்காகவே வாசித்து வந்திருக்கிறோம். ஒரு பிரதியாக வாசித்தவர் குறைவு. ஹனோவரில் பிறந்த என் மகள் அண்மையில் அதை வாசித்துவிட்டு, "அப்பா, கடைசியில மட்டும் ஏன் இளைஞரைத் தனியாக் கூப்பிட்டவை?" என்று கேட்டாள். விரிவுரை மண்டபத்தில் நின்ற காலத்தில் இக்கேள்வியை நான் எழுப்பியதில்லை.

தீர்மானம் குடியுரிமைப் பறிப்பு, குடியேற்றம், சிங்களம் மட்டும் சட்டம் என ஒடுக்குமுறையை வரிசைப்படுத்துகிறது. தரப்படுத்தலால் பல்கலைக்கழக வாசலில் மறிக்கப்பட்ட தலைமுறையின் காயம், கல்வி, வேலைவாய்ப்பில் சமவாய்ப்பு மறுப்பு என்ற பொதுத் தொடருக்குள் அடங்கிவிடுகிறது. போராட்டத் திட்டத்தை வகுப்பது கூட்டணியின் செயற்குழு. இளைஞருக்கு உள்ளது, புனிதப் போராட்டத்தில் முழுமையாக இறங்குமாறு ஓர் அழைப்பு மட்டுமே. சிந்திப்பவர் ஒரு தலைமுறை, சாகத் துணிய வேண்டியவர் இன்னொரு தலைமுறை. 'புனிதம்' என்ற சொல் கேள்விக்கும் கதவடைக்கிறது.

1981இல் அதே கூட்டணி மாவட்ட அபிவிருத்திச் சபைகளை ஏற்று, ஜூன் 4 யாழ்ப்பாணத் தேர்தலில் நின்றது. பிரதியை எழுத்துக்கு எழுத்து நம்பிய இளைஞருக்கு அது துரோகமாகவே பட்டது. இரு தரப்பும் வாதிட ஒரு பொது இடம் இருக்கவில்லை. 1989 ஜூலை 13இல் அமிர்தலிங்கம் கொழும்பில் சுட்டுக் கொல்லப்பட்டார். மூத்தோரை அகற்றிய இளையோரும் மாற்றுக்கருத்துக்கு இடம் வைக்கவில்லை.

2010 ஜனவரியில் ஜேர்மனியில் இத்தீர்மானத்தை முன்வைத்து வாக்கெடுப்பு நடந்தது. தாம் பிறக்குமுன் எழுதப்பட்டதற்கு இளையோர் ஆம் அல்லது இல்லை சொல்லலாம். திருத்தம் முன்மொழிய முடியாது.

இப்போது நான் தொழிற்சாலைத் தொழிலாளி. இந்நாட்டுச் சட்டப்படி, தொழில் பயிலும் இளையோர் தெரிவுசெய்த பிரதிநிதி ஒருவர் தொழிலாளர் பேரவையின் எல்லாக் கூட்டங்களிலும் அமரலாம். பெருமளவு இளையோரைப் பாதிக்கும் முடிவுகளில் இளையோர் பிரதிநிதிகளுக்கு வாக்குரிமையும் உண்டு. முதலாளித்துவத் தொழிற்சாலை தரும் இந்தக் கதிரையை நமது விடுதலை அரசியல் தரவில்லை.

பிள்ளைகள் சங்கத்துக்கு வருவதில்லை என்று குறைபடுகிறோம். நடனமாடவும் கதிரை அடுக்கவும் அழைத்தோம். யாப்பைத் திருத்த அழைத்தோமா? என்னையும் சேர்த்தே கேட்கிறேன். இதை நண்பர்கள் விவாதிக்க வேண்டும். முதலில் இளையவர்கள் எழுதட்டும்.